நடுவட்டம்

இரண்டாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டு, பிப்ரவரி மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை. வானில் மேகம் இல்லை. விடியலில் இறங்கிய பனி உப்பளப் பாத்திகளின் மேல் இன்னும் முழுமையாகக் கலையவில்லை. கிழக்கிலிருந்து வந்த காற்று ஈரமாகவும் மெலிந்தும் இருந்தது. சுண்ணாம்புத் தூளைத் தூக்கிச் செல்லும் வலிமை அதற்கு இல்லை.

கோடு போடுவதற்கு ஏற்ற காலை. துளையிட்ட டால்டா டின்னைக் கயிற்றின் மேல் மெல்ல ஆட்டிக்கொண்டு நடக்கிறேன். தூள் கயிற்றின் மேல் விழுகிறது. கயிற்றை எடுத்துவிட்டால் கோடு நிற்கும். முப்பத்து மூன்று ஆண்டுகள் நில அளவையராக இருந்தவனுக்குக் கால்பந்துத் திடல் பெரிய வேலையன்று. இருந்தாலும் இந்த வேலையை நான் யாரிடமும் ஒப்படைத்ததில்லை. நீலக்கரைக் கழகம் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும், இதற்கென்று ஓர் எந்திரம் வாங்கித் தருகிறேன் என்று உப்பள முதலாளி சொன்ன பிறகும், இந்த டின்தான், இந்தக் கைதான். கோடு கோணினால் எனக்குத் தூக்கம் வராது. சட்டைப்பையில் கைபேசி கனக்கிறது. ஒரு படம் சேர்ந்ததனால் கைபேசியின் எடை கூடாது, அது எனக்குத் தெரியும்; ஆயினும் திங்கட்கிழமையிலிருந்து அது கனக்கிறது, குனியும்போதெல்லாம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. பத்து மணிக்குக் கழகத்தின் தேர்வுக் குழு கூடும். நாளைய ஆட்டத்தில் இறங்கும் பதினொருவரின் பெயர்கள் வாசிக்கப்படும். ரெக்சன் மிராந்தா என்ற பெயர் வரும்போது நான் தொண்டையைச் செருமுவேன், கைபேசியை மேசைமேல் வைப்பேன். ஆட்டம் உள்ள வாரத்தில் மது வைத்த மேசையில் அமர்ந்த எவனும் களத்தில் இறங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். எழுதும்போது யாரை நினைத்து எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆட்டக்காரர்களின் உடல்நலத்தை நினைத்து என்று சொல்லியிருப்பேன். அது பொய்யும் அன்று. நாளை கோவாவிலிருந்து பெரிய கழகத்தார் வருகிறார்கள். ரெக்சனைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஓர் ஆட்டம் பார்ப்பார்கள், கையோடு அழைத்துப் போவார்கள். பிறகு கஸ்பார் மிராந்தா இந்த ஊரில் ரெக்சனுடைய அப்பாவாக நடமாடுவான், நான் அவனுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். இல்லை. நாளை ரெக்சன் கோட்டுக்கு வெளியே நிற்பான். நான் எங்கே நின்றேனோ அங்கே. பார்க்கப்படாத இடத்தில்.

கயிற்றைப் பிடுங்கி அடுத்த மூலைக்கு நகர்கிறேன். முழங்கால் முனகுகிறது. படத்தில் ரெக்சன் சிரிக்கிறான். பழைய அணித்தோழன் பெர்க்மான்சின் கடைசி மகளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ஊரே திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் விருந்து வைத்து முடித்தது. பத்திரிகை எனக்கும் வந்தது, போனேன், மொய் எழுதினேன், ஐஸ்கிரீம் கப்பை வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றேன். தூணோரம் நிற்பது என் பழக்கம். மண்டபத்தின் பின்பக்கத்து மேசையில் கழகத்துப் பையன்கள் இருந்தார்கள், நடுவில் ரெக்சன், அவன் முன்னால் நுரை அடங்காத கண்ணாடிக் குவளை. கைபேசியை எடுத்தேன். எடுத்தபோது கோணம் பிசகவில்லை என்பதை இப்போதும் பெருமையோடு நினைக்கிறேன். படத்தில் குவளை தெளிவாக இருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது, இரண்டுக்கும் பக்கத்தில் அவனுடைய வலது கை உயர்ந்து இருக்கிறது. அந்தக் கைதான் உறுத்துகிறது. ஐந்து நாட்களாகப் பார்க்கிறேன், அந்தக் கை எதற்காக உயர்ந்தது என்று விளங்கவில்லை. முகத்தை மறைக்கப் போனானா? மறைக்கிறவன் சிரிப்பானா? பரிமாறுகிறவனைக் கூப்பிட்டானா, இன்னொன்று கொண்டு வா என்று? அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நல்லது. குடிக்கிறவன் கை அப்படித்தான் உயரும். அவனுடைய அப்பன் கையும் அணியோடு ஆடப் போய்த் தங்கிய மதுரை லாட்ஜில் அப்படித்தான் உயர்ந்தது, படிக்கட்டில் நின்று, குடிக்க வாறியால இஞ்ஞாசி என்று. நான் வரவில்லை என்றேன். மறுநாள் மாலையும் கேட்டான். வரவில்லை. மூன்றாம் நாள்... மூன்றாம் நாள் கேட்டானா? இந்த இடத்தில் எப்போதும் நினைவு சிக்கிக்கொள்கிறது, முள்ளில் வேட்டி சிக்கியது போல. கேட்டிருந்தால் என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கும். காலுறைகளைச் சோப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது. படிக்கட்டில் அவனும் மற்ற ஆட்டக்காரர்களும் இறங்கும் காலடி கேட்டது. காலடி என் கதவுக்கு முன்னால் நிற்கவில்லை. கதவைத் திறந்து வைத்திருந்தேன். எதற்காகத் திறந்து வைத்தேன்? காற்றுக்காக.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. மதுரையில் இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு மேடையில் இருந்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம், கஸ்பார் நடுவிலிருந்து பந்தோடு வருகிறான், இரண்டு பேரைக் கடந்துவிட்டான், நான் வலது ஓரத்தில் தன்னந்தனியாக ஓடுகிறேன், எனக்கும் கோலுக்கும் நடுவில் கோல்கீப்பரைத் தவிர எவனும் இல்லை. கையை உயர்த்தினேன். கஸ்பார் என்று கத்தினேன். அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. இடது பக்கம் பெர்க்மான்சுக்குக் கொடுத்தான். பெர்க்மான்சின் மேல் இரண்டு பேர் ஈயாய் மொய்த்திருந்தார்கள். பந்து போயிற்று, ஆட்டம் போயிற்று, என் முழங்கால் அடுத்த ஆண்டு போயிற்று. தோற்ற பிறகும் மாநில அணிக்குக் கஸ்பாரை எடுத்தார்கள். குடித்தவனுக்குப் பந்து தெரிந்தது. குடித்தவன் குடித்தவனுக்குக் கொடுத்தான். எட்டு மணிக்குப் படுத்துறங்கிய என் கால், எண்ணெய் தேய்த்து உருவிவிட்ட கால், வெறுமனே ஓடி நின்றது. அன்றைக்கு முடிவு செய்தேன். ஆட்டக்காரன் கூட்டம் கூடிக் குடித்தால் ஆட்டம் கெடும் என்பதற்கு வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. மருத்துவர்கள் ஈரலைக் காட்டுவார்கள், மூச்சைக் காட்டுவார்கள். நான் அந்த ஒரு பந்தைக் காட்டுவேன். மேசையில் யார் பக்கத்தில் அமர்ந்தானோ அவன் காலுக்குத்தான் பந்து போகும். இதைவிடப் பெரிய ஊழல் எந்த விளையாட்டில் உண்டு?

"என்னல இஞ்ஞாசி, ஒத்தையில கெடந்து மாரடிக்க? கயிறு புடிக்கிற ஆளு வரலியா?" குரல் முதுகில் விழுகிறது. திரும்பாமலே தெரியும். கஸ்பார். கையில் தூக்குவாளி, தோளில் துண்டு, நெற்றியில் சாம்பல் புதனன்று கோவிலில் பூசிய சாம்பலின் கறை இன்னும் இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. அது வெறும் வியர்வை. "கோட்ட மிதிச்சிராத" என்கிறேன். "ஏ, நீ போட்ட கோட்ட மிதிக்க நா யாரு? லோகத்துலயே மிதிச்சா சத்தம் போடுற கோடு ஒன்னோடதுதான். இந்தா, டீயக் குடி. சீனி கம்மி, தெரியும்." எப்படித் தெரியும்? நான் சீனி கம்மியாகக் குடிப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? வாங்கிக் குடிக்கிறேன். சூடு தொண்டையில் இறங்கும்போது, பகைவன் கொடுத்ததைக் குடித்துக்கொண்டு அவனுடைய பிள்ளையைக் கவிழ்க்கப் போகிறாய் என்று ஒரு நினைவு வருகிறது. டீ டீதான் என்று அதை விழுங்கிவிடுகிறேன். "நாளைக்கி கோவாக்காரனுவ வாரானுவல்லா, பயலுக்கு ஒறக்கமே இல்ல. அவன் அம்மைக்கு அதுக்கு மேல. பனிமய மாதாவுக்கு நேந்திருக்கா. எனக்கே இருப்புக் கொள்ளல பாத்துக்க, நா ஆடும்போதுகூட இப்பிடி இருந்ததில்ல" என்கிறான். நடுவட்டம்தான் மிச்சம். வட்டம் போட இரண்டு பேர் வேண்டும்: ஒருவன் நடுப்புள்ளியில் கயிற்றின் நுனியைப் பிடித்து நிற்க வேண்டும், மற்றவன் கயிறு தொய்யாமல் சுற்றி வர வேண்டும். "கொண்டா, நடுவுல நா நிக்கேன்" என்று அவனே கயிற்றை வாங்கிக்கொள்கிறான்.

சுற்றத் தொடங்குகிறேன். கயிறு எங்களுக்கிடையே விறைத்து நிற்கிறது. நான் நகர நகர, நடுவில் நிற்கிறவன் என்னை நோக்கியபடியே திரும்ப வேண்டும். இல்லையென்றால் கயிறு அவன் இடுப்பில் சுற்றிக்கொள்ளும். கஸ்பார் மிராந்தா என்னைப் பார்த்துக்கொண்டே திரும்புகிறான். அன்று ஒரு முறை திருப்பாத தலை இன்று முழுச் சுற்றும் திரும்பட்டும். டின்னை ஆட்டுகிறேன். வெள்ளைத் தூள் பெருவிரல் நகத்தில் படிகிறது. "ஏல, பயலுவ ஒனக்கு என்ன பேரு வச்சிருக்கானுவ தெரியுமா? சாமியாரையே மண்டி போட வச்சி பாவசங்கீர்த்தனம் கேக்குற ஆளும்பானுவ" என்று சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. "சம்பளம் வாங்குறவன் ஒடம்பு அவனுக்கு மட்டும் சொந்தமில்ல, கஸ்பார்." "அப்பம் வயிறு யாருக்குல சொந்தம், மொதலாளிக்கா? பசிச்சா அவரு சாப்புடுவாரா?" "வெளையாட்டாப் பேசாத. ஆட்டக்காரன் குடிக்கணும்னு எங்க எழுதியிருக்கு?" "குடிக்கணும்னு யாரு சொன்னா? போத்தல ஒடச்சி தாமிரபரணில ஊத்து, எனக்கென்ன, நாந்தான் நெஞ்சடைப்பு வந்ததுலருந்து தொடலியே. கூட இருக்கணும்ல. ஒருத்தன் எப்பச் சிரிப்பான், எதுக்குக் கோவப்படுவான், பயந்தா எந்தப் பக்கம் பாப்பான், இதெல்லாம் பக்கத்துல இருந்து தின்னாத்தான் தெரியும். அது தெரிஞ்சாத்தான் அவன் எங்கன ஓடுவான்னு காலுக்குத் தெரியும். கண்ணால பாத்தா பாஸ் குடுக்கோம்? காலுல்லா குடுக்கு." கயிறு ஒரு கணம் தொய்கிறது. தொய்ய விட்டவன் நான்தான். தூள் உள்பக்கமாகச் சிதறி, வட்டத்தில் ஒரு பல் விழுகிறது. குனிந்து விரலால் வழித்துச் சரிசெய்கிறேன். காலுக்குத் தெரியும் என்கிறான். என் காலை அவன் காலுக்குத் தெரியாது என்கிறான். எண்ணெய் தேய்த்து உருவிய காலை.

"பெறவு இன்னொண்ணு சொல்லணும்னு நெனச்சேன்" என்கிறான், திரும்பிக்கொண்டே. "பெர்க்மான்சு வீட்டுக் கல்யாணத்துல ரெக்சன் ஒன்னயக் கூப்ட்டானாமே? நீ போவலியாம. வீட்ல வந்து ஒரே சிரிப்பு. 'இஞ்ஞாசி மாமா தனியா தூணோரமா நின்னாவ, வாங்க மாமா, இங்கன உக்காருங்கன்னு கையக் காட்டுனேன், அவிய போன எடுத்து ஒரு போட்டோவப் புடிச்சிட்டுப் போய்ட்டாவ'ன்னான். நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டானாம்ல ஒனக்கு." நடந்துகொண்டே இருக்கிறேன். நின்றால் தூள் ஓரிடத்தில் குவியும். கை. அந்தக் கை. பரிமாறுகிறவனைக் கூப்பிட்ட கையன்று. முகத்தை மறைத்த கையுமன்று. படத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, ஐந்து நாட்களாக மனப்பாடம்: விரல்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தன, உள்ளங்கை அவன் பக்கம் இருந்தது, வா என்கிற கை, என்னைத்தான், படம் எடுத்தவனைத்தான். அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியையும் இப்போது காண்கிறேன். அது இவ்வளவு நாளும் படத்தில் இருந்தது. போயிருந்தால் என்ன பேசியிருப்பேன்? அந்த மேசையில் அமர்ந்து என்ன பேசுவார்கள்? எதற்குச் சிரிப்பார்கள்? எனக்கு எந்தக் குவளையைக் கொடுப்பார்கள், நான் வேண்டாம் என்றால் முகம் எப்படிப் போகும்? அந்தப் பயம் பழைய இடத்திலேயே எழுகிறது, மதுரை லாட்ஜில் எழுந்த அதே இடத்தில். பயமா? அது கட்டுப்பாடு. அதைக் கட்டுப்பாடு என்றுதான் இத்தனை ஆண்டுகளும் சொல்லி வந்திருக்கிறேன். இவன் இதை ஏன் இப்போது சொல்கிறான்? தெரிந்துகொண்டு சொல்கிறானா, பிள்ளைக்காக என்னை இளக்கப் பார்க்கிறானா? முகத்தைப் பார்க்கிறேன். வெயில் அவன் கண்ணில் விழுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்த்துத் திரும்புகிறான். அந்த முகத்தில் சூது இல்லை. சூது இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுவிடலாம். அன்றைக்குத் தப்புப் பண்ணிட்டேன் இஞ்ஞாசி என்று ஒரே ஒரு வார்த்தை. படத்தை இங்கேயே அழித்துவிடுவேன். பத்து மணிக்கு வாயைத் திறக்க மாட்டேன். வட்டத்தில் கால்பாகம்தான் மிச்சம். "மதுர பைனல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறேன். என் குரல் எனக்கே இளையதாகக் கேட்கிறது. "எந்த மதுர?" "எண்பத்தொண்ணு." "யம்மா, அத மறக்க முடியுமா! லாட்ஜு ஒழுகி, பெர்க்மான்சு தலைக்கு மேல பக்கெட்டக் கவுத்துக்கிட்டு ஒறங்குனானே. காலையில எந்திச்சி, கண்ணு போச்சு கண்ணு போச்சுன்னு ஒரே கத்தலு." தோள் குலுங்கச் சிரிக்கிறான். நான் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருக்கிறேன். பக்கெட் கதை எனக்குத் தெரியாது. ஒரே லாட்ஜில் இருந்தேன், எனக்குத் தெரியாது. "கடைசியில பந்து ஒங்கிட்ட வந்திச்சு." "வந்திருக்கும்." "வலது பக்கம் ஒருத்தன் தனியா நின்னான். கையத் தூக்கிக்கிட்டு." கஸ்பார் யோசிக்கிறான். உண்மையாகவே யோசிக்கிறான், நெற்றி சுருங்குகிறது, உதடு பிதுங்குகிறது, என் முகத்தில் அந்த ஆளைத் தேடுகிறான். "வலது விங்கு... அன்னைக்கி யாருல வலது விங்கு?" கயிறு கையை அறுக்கிறது. பிறகு அவன் கேட்கிறான், குற்றமில்லாத, நட்பான, சீனி கம்மியாக டீ கொண்டு வந்த குரலில் கேட்கிறான்: "ஏல, அன்னைக்கி நீயா ஆடுன?"

வட்டம் முடிகிறது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மயிரிழை பிசகாமல் சேர்கின்றன. டின்னைத் தரையில் வைக்கிறேன். முப்பத்தேழு ஆண்டுகள் ஒருவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன், அவன் அந்தக் கூண்டுக்குள் வந்ததே இல்லை. என்னைப் பழித்திருந்தால் பொறுத்திருப்பேன். வேண்டுமென்றே வஞ்சித்திருந்தால், அப்போதாவது நான் அந்தத் திடலில் இருந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கும். நான் இருந்தேன், கஸ்பார். கையைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். நீ தெரிந்துகொள்ளும்படி செய்கிறேன். கயிற்றின் நுனியைக் கீழே போட்டுவிட்டு, கோட்டை மிதிக்காமல் கவனமாகக் காலைத் தூக்கி வைத்து அவன் வெளியே வருகிறான், தூக்குவாளியை எடுத்துக்கொள்கிறான், "வாரேன் இஞ்ஞாசி, பத்து மணிக்குப் பேரு வாசிக்கும்போது பய பேர நல்லா சத்தமா வாசிக்கச் சொல்லு, அவன் அம்மை மதிலுக்கு அங்கிட்டு நின்னு கேக்கேன்னிருக்கா" என்று சொல்லிப் போகிறான். கயிற்றைச் சுருட்டுகிறேன். கையிலிருந்த தூளை வேட்டியில் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுக்கிறேன்.

பிறகு நடந்தவை இவை. குழு பத்து மணிக்குக் கூடியது. அதற்கு முன்பே கோல்போஸ்டின் நிழலில் நின்று, படத்தின் நான்கு மூலைகளையும் உள்ளே இழுத்து, உயர்ந்த கையும் காலி நாற்காலியும் எல்லைக்கு வெளியே போகும்படி வெட்டிவிட்டேன். முகமும் குவளையும் மட்டும் எஞ்சின. குழுவினர் ஐவரும் பார்த்தனர். யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். ரெக்சனை அழைத்து விசாரித்தார்கள்; ஒரு கிளாஸ் பீர் குடித்தேன் என்று அவனே ஒப்புக்கொண்டான்; படத்தை யார் எடுத்தது என்பதை அவன் அவர்களிடம் சொல்லவில்லை. விதிப்படி அவன் பெயர் நீக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நீலக்கரை ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. கோவாவிலிருந்து வந்தவர்கள் எதிரணியின் இடது பின்காப்பாளனை எடுத்துக்கொண்டு போனார்கள். ரெக்சன் அந்த ஆண்டோடு கழகத்தை விட்டு விலகி, இப்போது துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களை எண்ணும் வேலையில் இருக்கிறான். வழியில் கண்டால் வணங்குகிறான், மாமா என்று சொல்வதில்லை. கஸ்பார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திடல் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். முழுப் படம் என் கைபேசியில் இருக்கிறது. நடுவட்டத்துக்கு இப்போது ஆள் தேடுவதில்லை. நடுப்புள்ளியில் ஒரு கடப்பாரையை அடித்து அதில் கயிற்றைக் கட்டிக்கொள்கிறேன். கடப்பாரை அசைவதில்லை, பேசுவதில்லை. வட்டம் முன்னைவிடச் சரியாக வருகிறது.